நீச்சல் தெரியாத கடற்கரைக்காரன்!

எங்கள் ஊரில் தண்ணீர் ஓடாது. உட்கார்ந்திருக்கும்.

ஊர் மரக்காணம். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாண்டிச்சேரிக்குப் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். பஸ் ஜன்னலுக்கு வெளியே, கண்ணாடியைச் சதுரம் சதுரமாக வெட்டி அடுக்கின மாதிரி பாத்திகள். ஓரத்தில் வெள்ளை வெளேரென்று குவியல். ''ஐ... பனிமலை!'' என்று பின் சீட்டுக் குழந்தை கத்தும். ''உப்புடா!'' என்று அப்பா திருத்துவார். எங்கள் ஊருக்குக் கிடைக்கிற மரியாதை அவ்வளவுதான். அடுத்த நிமிஷம் ஊர் முடிந்துவிடும்.

அந்தப் பாத்திகளில் தண்ணீர் கணுக்கால் உயரம்கூட இருக்காது. உப்புத் தண்ணீரைப் பாத்தி விட்டுப் பாத்தி மாற்றி வெயிலில் வாட்ட வேண்டும். கடல் தண்ணீரின் அடர்த்தி 3, 3.5 டிகிரி. (வெயில் டிகிரி இல்லை, 'போமே' டிகிரி என்று இதற்குத் தனி அளவு உண்டு.) அது ஏறி ஏறி 25 டிகிரியைத் தொடும்போது உப்பு பூக்கும். அதுவரை தண்ணீர் சமர்த்தாக உட்கார்ந்திருக்க வேண்டும். அசையாத தண்ணீர்தான் எங்களுக்குச் சோறு.

அப்பா முப்பது வருஷம் அந்தப் பாத்திகளில் உப்பு வாரியவர். நான் பி.காம். முடித்துவிட்டுப் பகலில் ஓர் உப்பு வியாபாரிக்குக் கணக்கு எழுதுகிறேன். ராத்திரியில் பத்திரிகைக்கு எழுதுகிறேன். இரண்டு தொழிலிலும் வரவுப் பக்கம் ஒரே மாதிரிதான் இருக்கிறது. அதை விடுங்கள்.

விஷயம் என்னவென்றால், வெளியூர்க்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை. கடற்கரை ஊர்க்காரன் என்றால் நீச்சல் தெரியும்! மரக்காணம் பக்கத்துக் குப்பங்களில் கடலுக்குப் போகிற பையன்களுக்கு நிஜமாகவே தெரியும். கணுக்கால் தண்ணீரில் வளர்ந்த எனக்கு எப்படித் தெரியும்? உப்புப் பாத்தியில் நீந்த வேண்டுமென்றால் பல்லியாகத்தான் பிறக்க வேண்டும்.

ஆனால், காலேஜ் முதல் வருஷத்தில் எவனோ ஒருவன், ''நீ சூப்பரா நீந்துவே, இல்லே?'' என்று கேட்டபோது தலையாட்டிவிட்டேன். ஒரே ஒரு தடவைதான். அந்தத் தலையாட்டலுக்குப் பதினைந்து வருஷம் கழித்து வட்டியும் முதலுமாகக் கட்டிய கதை இது.

* * *

கூடப் படித்த மூன்று பேரும் நானும் வருஷத்துக்கு ஒரு தடவை எங்காவது கிளம்புவது வழக்கம். பெயரைப் போட்டால் வீட்டில் மாட்டிக்கொள்வார்கள் என்பதால் தொழிலை வைத்தே சொல்கிறேன். முதலாமவன் கேஷியர். வங்கியில் பணம் எண்ணுகிறான். கொஞ்சம் லேட்டாகக் கல்யாணமாகி நாலே மாதம். இரண்டாமவன் ஏஜென்ட். இன்ஷூரன்ஸ். ரயிலில் எதிர் சீட்டுக்காரரிடம் ஊர் பேர் கேட்பதற்கு முன்னால் வயசு கேட்கிறவன். மூன்றாமவன் ஆடிட்டர். அதாவது ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறான். அவன் பரீட்சையைப் பாஸ் செய்யவில்லையா, பரீட்சை அவனைப் பாஸ் செய்யவில்லையா என்பது இன்னும் தீராத கணக்கு.

சென்ற டிசம்பரில் ஒரு சனிக்கிழமை ராத்திரி கிளம்பினோம். வடகிழக்குப் பருவமழையில் எங்கள் ஊர்ப் பாத்திகள் எல்லாம் குளமாகிவிடும். உப்பு கிடையாது, கணக்கு கிடையாது, கையில் வேலையும் கிடையாது. திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, அரூர், தருமபுரி, பென்னாகரம் என்று வாடகைக் காரில் தூங்கி வழிந்து, காட்டுக்குள் வளைந்து வளைந்து இறங்கினால்... ஒகேனக்கல்!

கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் காதால் கேட்டுவிடலாம். 'ஹோ'வென்று ஒரு சத்தம். அப்புறம் மரங்களுக்கு மேலே வெண்புகை. கன்னடத்தில் 'ஹொகே' என்றால் புகை, 'கல்லு' என்றால் கல். புகைகிற கல். பாறையில் மோதித் தூளாகிற தண்ணீர்தான் அந்தப் புகை. ஆப்பிரிக்காவில், ஜாம்பியாவும் ஜிம்பாப்வேயும் சந்திக்கிற இடத்தில் ஜாம்பசி நதி விழுகிற அருவிக்கு, 1855-ல் அதைப் பார்த்த லிவிங்ஸ்டன் 'விக்டோரியா' என்று தன் ராணியின் பெயரை வைத்துவிட்டுப் போனார். அந்த ஊர்க்காரர்கள் ஏற்கெனவே வைத்திருந்த பெயர் 'மோசி-ஓவா-துன்யா'. இடி முழக்குகிற புகை என்று அர்த்தம். பாருங்கள்... எங்கோ ஆப்பிரிக்கா, எங்கோ பென்னாகரம். அருவியைப் பார்த்ததும் இரண்டு ஊர் மனுஷனுக்கும் தோன்றியது ஒரே வார்த்தை!

இன்னொரு ஒற்றுமையும் இருக்கிறது. இரண்டு இடத்திலும் மனுஷன் அருவியை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சும்மா திரும்பவில்லை. அதற்குக் கீழே படகு விடுகிறான். அங்கே காற்றடைத்த ரப்பர் ராஃப்ட். இங்கே பரிசல்.

* * *

மற்ற ஊர் டீக்கடைகளில் அரசியல் பேசுவார்கள். ஒகேனக்கல் டீக்கடையில் கனஅடி பேசுகிறார்கள்.

''இன்னிக்கு அஞ்சாயிரம் வருது சார். பரிசல் உண்டு.''

ஆடிட்டர் உடனே செல்போனை எடுத்துத் தட்டினான். ஒரு கனஅடி என்றால் 28.3 லிட்டர். விநாடிக்கு 5 ஆயிரம் கனஅடி என்றால் ஒரு லட்சத்து 41 ஆயிரத்து 500 லிட்டர். ''டேய், 12 ஆயிரம் லிட்டர் தண்ணி லாரி ஒவ்வொரு செகண்டும் பன்னெண்டு கவுந்தா எப்படி இருக்கும்? அதுதான்டா இது!'' என்றான். டீ சூடாக இருந்தும் எனக்கு உள்ளே ஜில்லென்றது.

இதெல்லாம் அவர்களுக்குச் சாதாரண தண்ணீர். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் இங்கே 2 லட்சம் கனஅடியைத் தாண்டிப் போயிருக்கிறது. அப்போது அருவியே கிடையாது. பாறை, படி, பள்ளம் எல்லாம் மூழ்கி ஒரே சமவெளியாக ஆறு போகும். கொஞ்சம் மேலே பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வளக் கமிஷன் காவிரியை அளக்கிறது. தமிழ்நாட்டுக்கு வருஷத்துக்கு 177.25 டி.எம்.சி. என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னதும் அந்த இடத்து அளவை வைத்துத்தான். தஞ்சாவூர் விவசாயி அந்த எண்ணைப் பார்த்து நாற்று விடுகிறார். ஒகேனக்கல் பரிசல்காரர் அதே எண்ணைப் பார்த்து அடுப்புக்கு அரிசி வாங்கலாமா என்று யோசிக்கிறார். நீர்வரத்து கூடினால் கலெக்டரிடமிருந்து தடை உத்தரவு வந்துவிடும்.

எங்களுக்கு வாய்த்த பரிசல்காரருக்கு ஐம்பது வயசு இருக்கும். கட்டம் போட்ட லுங்கி, தலையில் துண்டு, கயிறு திரித்த மாதிரி கை. கரையில் கவிழ்த்து வைத்திருந்த பரிசலைப் புரட்டிப் போட்டார். பெரிய மூங்கில் கூடை, அவ்வளவுதான். ஏழு அடி குறுக்களவு. முன்பெல்லாம் அடியில் மாட்டுத்தோல் போர்த்துவார்களாம். இப்போது பிளாஸ்டிக் ஷீட், தார். பாபிலோன்காரர்கள் தோல் போர்த்திய வட்டப் படகில் ஆற்றில் வந்ததை இரண்டாயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னாலேயே ஹெரோடோட்டஸ் எழுதி வைத்திருக்கிறார். 1520 வாக்கில் விஜயநகரத்துக்கு வந்த போர்ச்சுக்கீசியர் பயஸும் கூடை மாதிரிப் படகில் ஜனங்கள் ஆறு தாண்டுவதைக் குறித்திருக்கிறார். டிசைன் மாறவே இல்லை. மாற்றத் தேவையில்லாத அளவுக்குச் சரியாக இருந்திருக்கிறது.

ஆரஞ்சு கலர் லைஃப் ஜாக்கெட்டுகளைக் கொடுத்தார். மாட்டிக்கொண்டோம். ஒரு பரிசலுக்கு நாலு பேர். ஏறுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டார்.

''யாருக்கெல்லாம் நீச்சல் தெரியாது?''

''எனக்குத் தெரியாதுங்க'' என்றான் ஏஜென்ட், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

''எனக்கும்'' என்றான் ஆடிட்டர்.

''கிணத்து நீச்சல் தெரியும்'' என்றான் கேஷியர். பிறகு என் தோளைத் தட்டி, ''இவரு கடற்கரைக்காரரு அண்ணே, மீனு!'' என்றான்.

பரிசல்காரர் என்னைப் பார்த்தார். சரியாக ஒரு விநாடி அவகாசம் இருந்தது எனக்கு. ஆடிட்டர் கணக்குப்படி பன்னிரண்டு லாரி தண்ணீர் போகிற அவகாசம். 'இல்லீங்க, எனக்கும் தெரியாது' என்று சொல்லியிருக்கலாம். பதினைந்து வருஷ இமேஜ் தொண்டையை அடைத்தது. சிரித்து வைத்தேன்.

''அப்போ தெரியாதவங்க ரெண்டு பேரும் என் கைக்கு எட்டுற மாதிரி இந்தப் பக்கம் உக்காருங்க. தெரிஞ்சவங்க அந்தப் பக்கம்'' என்றார்.

அந்தக் கேள்வி எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. எனக்கு எதிர்ப்பக்க விளிம்பு. கேஷியர் பக்கத்தில்.

* * *

கிளம்புவதற்கு முன் இன்னும் இரண்டு பாடம் நடத்தினார். ஒன்று: ''என்ன ஆனாலும் எந்திரிக்கக் கூடாது. உக்காந்தா பரிசலு, எந்திரிச்சா கூடை.'' இரண்டு: ''தவறி விழுந்துட்டா மல்லாந்து படுங்க. காலைத் தண்ணி போற பக்கம் நீட்டிக்கங்க. நிக்கப் பாக்காதீங்க.''

இரண்டாவது பாடம் எனக்கு வினோதமாக இருந்தது. ஆழம் குறைவான இடத்தில் நிற்பதற்கென்ன? பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். உலகத்தில் எந்த ராஃப்டிங் பள்ளிக்கூடத்திலும் முதல் நாள் பாடம் அதுதான். வேகமான ஆற்றில் நின்றால் பாறை இடுக்கில் கால் மாட்டும். பின்னாலிருந்து தண்ணீர் ஆளை முகங்குப்புறத் தள்ளும். இடுப்பளவு தண்ணீரே போதும். மல்லாந்து படுத்தால் வருகிற பாறையைக் காலால் உதைத்துக்கொள்ளலாம்.

முதலில் சாதுவான தண்ணீர். இன்னொரு பரிசலில் சிப்ஸ், கூல் டிரிங்க்ஸ் விற்றுக்கொண்டு ஒரு மிதக்கும் பெட்டிக்கடை எங்களை ஒட்டி வந்தது. ஏஜென்ட் அந்தக் கடைக்காரரிடம் வயசு கேட்டான். கொஞ்ச தூரத்தில் பாறை குறுக்கிட்டது. ''இறங்குங்க சார்'' என்றார். நாங்கள் இறங்கி நடந்தோம். அவர் பரிசலைக் கவிழ்த்துத் தலைமேல் தூக்கிக்கொண்டார். பின்னாலிருந்து பார்க்க, இரண்டு கால் முளைத்த ஆமை பாறை ஏறுகிற மாதிரி இருந்தது.

''இதுல போக முடியாதாண்ணே?'' என்று கேட்டான் கேஷியர்.

''போகலாம். போறதுக்கு மட்டும் வழி இருக்கு'' என்றார்.

ஜாம்பசியிலும் இதே கதை உண்டு. விக்டோரியா அருவிக்குக் கீழே ராஃப்ட் போகிற வழியில் ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் நம்பர் போட்டிருக்கிறார்கள். ஒன்பதாம் நம்பருக்கு அவர்கள் வைத்த செல்லப்பெயர் 'கமர்ஷியல் சூயிசைட்'. பி.காம். படித்தவனுக்கு இதைவிடத் தெளிவாக எச்சரிக்கை பண்ண முடியாது! அங்கே காசு கொடுத்து வந்த பயணிகளை இறக்கி, கரையோரமாக நடத்திக் கூட்டிப் போய், அந்தப் பக்கம் மறுபடி ஏற்றுகிறார்கள். கங்கையில் ரிஷிகேஷ் பக்கம் மழைக்காலத்தில் ராஃப்டிங்கையே மூடிவிடுகிறார்கள். இறங்கி நடப்பதும் இந்த வித்தையில் ஒரு பாகம். நம் சினிமா ஹீரோ யாரும் இதுவரை செய்து காட்டாத பாகம்.

பாறை தாண்டி, அருவிக்குக் கீழே உள்ள பள்ளத்துக்குள் இறங்கினோம். இரண்டு பக்கமும் கோட்டைச் சுவர் மாதிரிக் கரும்பாறை. மேலேயிருந்து வரிசை வரிசையாகத் தண்ணீர் விழுகிறது. வாயைத் திறந்து பேசினால் பக்கத்தில் இருப்பவனுக்கே கேட்காது. முகத்தில் புகை வந்து அறைந்தது. புகை என்று பெயர்தானே தவிர, ஊசி மாதிரி குத்துகிறது.

கேஷியர் தன் செல்போனை ஆடிட்டரிடம் கொடுத்து போட்டோ எடுக்கச் சொன்னான். கல்யாணத்துக்கு மாமனார் வீட்டில் எடுத்துக் கொடுத்த சட்டை. அது தெரிய வேண்டும் என்று ஜாக்கெட் கொக்கிகளைக் கழற்றினான்.

துடுப்பு நின்றது.

''கொக்கியப் போடுங்க சார்.''

''ஒரே ஒரு போட்டோண்ணே...''

''போடுங்க. அப்புறம்தான் தண்ணிக்குள்ள துடுப்பு போகும்.''

குரல் உயரவில்லை. ஆனால் துடுப்பு மடியிலேயே இருந்தது. பரிசல் ஒரு பாறை மறைவில் லேசாகச் சுழன்றுகொண்டே நின்றது. கேஷியர் முணுமுணுத்துக்கொண்டே மூன்று கொக்கியையும் போட்டான். தோள் வாரைக்கூட அவரே எட்டி இறுக்கினார். இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

* * *

அருவிக்குக் கீழே தண்ணீர் ஒரே திசையில் போகும் என்று நான் நினைத்திருந்தேன். தப்பு. நடுவில் பாய்ச்சலாகக் கீழே போகிறது. பாறைக்குப் பின்னாலோ மேல்நோக்கித் திரும்பி வருகிறது. அந்தத் திரும்புகிற தண்ணீரில்தான் பரிசல் மூச்சு வாங்கும். அங்கேயிருந்து அடுத்த பாறை மறைவு, அதிலிருந்து அடுத்தது. பஸ் ஸ்டாப் மாதிரி.

பரிசல்காரர் துடுப்பால் காட்டினார். ''தண்ணி அம்பு எழுதுது பாருங்க. அம்பு முனை கீழ போற பக்கம் காட்டினா வழி. முனை நம்மளப் பாத்துச்சுன்னா அடியில கல்லு. வெள்ளையா நுரை பொங்குது பாருங்க, அதுல துடுப்பு பிடிக்காது. ஆளும் மிதக்க மாட்டான்.''

விஞ்ஞானமும் அதையேதான் சொல்கிறது. வெள்ளையாகத் தெரிவது தண்ணீரோடு கலந்த காற்று. பாதிக்குப் பாதி காற்றாக இருந்தால் துடுப்பு எதைத் தள்ளும்? உடம்பை எது தாங்கும்? நான் கணக்குப் புத்தகத்தைப் படிப்பதுபோல அந்த மனுஷர் ஆற்றைப் படித்துக்கொண்டு வந்தார். ஒரே வித்தியாசம், அவர் புத்தகத்தில் வரிகள் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறுகின்றன. தப்பாகப் படித்தால் ரப்பர் போட்டு அழிக்க முடியாது.

ஒரு பாறை மறைவிலிருந்து நடுப் பாய்ச்சலுக்குள் நுழைகிற இடம். கீழே போகிற தண்ணீரும் மேலே திரும்புகிற தண்ணீரும் உரசிக்கொள்கிற கோடு. பரிசல் அதன்மேல் ஏறியதும் சட்டென்று ஒரு சுற்று சுற்றியது. என் பக்கம் அருவியைப் பார்த்துத் திரும்பியது. அடியில் 'தொம்' என்று ஒரு சத்தம். காலுக்குக் கீழே மூங்கில் தட்டு மேல்நோக்கி வளைந்ததை உள்ளங்காலில் உணர்ந்தேன். ஒரு வாளி தண்ணீர் மடியில் வந்து விழுந்தது.

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

'எந்திரிக்கக் கூடாது' என்று அவர் சொன்னது ஞாபகம் இருந்ததா என்று கேட்காதீர்கள். எனக்கு அப்போது என் பெயரே ஞாபகம் இல்லை. பரிசல் என் பக்கமாகச் சாய்ந்தது. நான் உள்பக்கம் குப்புற விழுந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கேஷியர் வெளிப்பக்கம் போனான்.

''உக்காருடா!''

அதுவரை 'சார்' போட்டுக்கொண்டிருந்த குரல்.

தலையைத் தூக்கிப் பார்த்தபோது கேஷியரின் கால் இரண்டும் பரிசலுக்குள் இருந்தன. இடுப்புக்கு மேலே ஆள் தண்ணீரில். பரிசல்காரர் துடுப்பைக் காலுக்கடியில் மிதித்துக்கொண்டு, ஏஜென்ட் மடிமேலும் என் முதுகுமேலும் விழுந்து எட்டி, அந்த ஜாக்கெட்டின் தோள் வாரைக் கொத்தாகப் பிடித்திருந்தார். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் தானே இறுக்கிய வார். ஒரே இழுப்பு. மீனைத் தூக்கிப் போட்ட மாதிரி கேஷியர் நடுவில் வந்து விழுந்தான். எல்லாம் சேர்ந்து பத்து விநாடி இருக்கலாம்.

மறுபடி துடுப்பு எடுத்தார். பாய்ச்சலைக் குறுக்கே வெட்டி, அடுத்த பாறை மறைவு, அதற்கடுத்த மறைவு... மணல் திட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தார். யாரும் பேசவில்லை. கேஷியர் இருமிக்கொண்டே இருந்தான். அவன் சட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை.

* * *

மணல் திட்டில் ஒரு அம்மா மீன் வறுத்துக்கொண்டிருந்தார். நாலு பேரும் உட்கார்ந்தோம். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

''டேய், எனக்கு நீச்சல் தெரியாதுடா.''

மூன்று பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

''இன்னிக்கு மறந்துடுச்சா?'' என்றான் ஆடிட்டர்.

''எப்பவுமே தெரியாது.''

கேஷியர் ரொம்ப நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ''சொல்லியிருக்கலாம்ல மச்சான்'' என்றான். அவ்வளவுதான். மீனைப் பிய்த்து என் இலையில் வைத்தான்.

பரிசல்காரர் கொஞ்சம் தள்ளிப் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். போய் நின்றேன்.

''அண்ணே, என் தப்புதான். உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்.''

''தெரியும் தம்பி. நீச்சல் தெரிஞ்சவன் பரிசல்ல எந்திரிக்க மாட்டான்'' என்றார். 'சார்' போய் 'டா' ஆகி, இப்போது 'தம்பி'. பிறகு ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: ''நீ அந்தக் கேள்விக்கு நெசத்தச் சொல்லியிருந்தா இந்தப் பக்கம் உக்கார வெச்சிருப்பேன். எந்திரிச்சப்பவே சட்டையப் புடிச்சு உக்கார வெச்சிருப்பேன். அந்தத் தம்பி விழுந்திருக்காது. நான் கேக்குறது கேலி பண்றதுக்கா? யார எங்க உக்கார வெக்கிறதுன்னு கணக்குப் போட.''

கணக்கு! என்னிடமே! தப்பான வவுச்சரைக் கொடுத்துவிட்டு பேலன்ஸ் ஷீட் டேலி ஆகவில்லை என்று அலறியவன் நான்.

2015-ல் இதே ஒகேனக்கல்லில் பரிசல் கவிழ்ந்து, சுற்றுலா வந்தவர்கள் உயிரிழந்தார்கள். அதைப் பற்றிக் கேட்டேன். கொஞ்ச நேரம் பதில் சொல்லவில்லை. ''அப்பேர்ப்பட்ட நாளுக்கப்புறம் கொக்கி விஷயத்துல நான் யார் பேச்சையும் கேக்கறதில்ல தம்பி. கோவிச்சுக்கிட்டு எறங்கிப் போனாலும் சரி. ஒரு சவாரிதானே போகும்'' என்றார்.

அந்த ஒரு சவாரியின் மதிப்பு என்ன என்று அவர் பேசப் பேசத் தெரிந்தது. கர்நாடகத்தில் மழை பெய்து, கே.ஆர்.எஸ்., கபினி அணைகள் திறந்தால் இங்கே தடை. தடை எத்தனை நாள் என்று யாருக்கும் தெரியாது. அத்தனை நாளும் பரிசல் கரையில் கவிழ்ந்து கிடக்கும். வீட்டில் உலையும் அப்படித்தான். மீன் வறுக்கும் அம்மா, எண்ணெய் மசாஜ் போடுகிறவர், மிதக்கும் பெட்டிக்கடைக்காரர், எல்லோருக்கும் அதே கதிதான்.

''எங்க ஊர்லயும் இப்படித்தாண்ணே. மழை பெஞ்சா உப்பு போச்சு. மூணு மாசம் சும்மா'' என்றேன்.

''உப்பளமா? அப்போ தண்ணி ஓடாதே'' என்றார் ஆச்சரியமாக.

''ஓடாதுண்ணே. உக்காந்திருக்கும்.''

முதல் தடவையாகச் சிரித்தார். ''அதான் நீச்சல் வரலை!''

எங்கள் ஊர் உப்பளத் தொழிலாளிக்காவது, 2022-லிருந்து மழைக்கால நிவாரணமாக 5 ஆயிரம் ரூபாய் என்று அரசாங்கம் ஆரம்பித்தது. மூன்று மாசத்துக்கு அது எந்த மூலைக்கு என்று அப்பா முணுமுணுப்பார், ஆனாலும் வரிசையில் நிற்பார். வானம் பார்த்துச் சம்பாதிக்கிறவனுக்கு வேலை நின்றால் நஷ்டம். அப்படி இருந்தும், ஒரு கொக்கிக்காகத் துடுப்பை மடியில் வைத்து, சவாரியை வேண்டாம் என்று சொல்லத் தயாராக இருந்த மனுஷர் இவர். அந்தப் பத்து விநாடியில் கேஷியரை இழுத்த கையைவிட, அதற்கு முன் அசையாமல் இருந்த அந்தத் துடுப்புதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

திரும்பி வரும்போது நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். முழங்கால் முழங்காலில் இடிக்கிற தூரம். சாதுவான தண்ணீர் வந்ததும், ''சுத்தட்டுமா?'' என்று கேட்டார். பரிசலைப் பம்பரமாகச் சுற்றிக் காட்டுவது அவர்கள் வழக்கம். நாலு பேரும் கோரஸாக, ''வேண்டாம்ணே!'' என்றோம்.

* * *

ஊருக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து முழுசாகக் கேட்டார்.

''இன்னாடா இது... கணுக்கால் தண்ணில வளந்த புள்ளைக்கு நீச்சல் இன்னாத்துக்குன்னு நானும் உட்டுட்டேன்'' என்றார். கொஞ்சம் கழித்து, ''எனுக்கும் தெரியாதுடா. யாரும் கேக்கல, நானும் சொல்லல'' என்றார். முப்பது வருஷம் தண்ணீரில் நின்ற மனுஷர்!

இப்போது வாரத்துக்கு இரண்டு நாள் பாண்டிச்சேரியில் ஒரு நீச்சல் குளத்துக்குப் போகிறேன். என் கூடப் படிக்கிறவர்களுக்கு வயசு ஆறு, ஏழு, எட்டு. சொல்லிக் கொடுக்கிற பையனுக்கு இருபத்திரண்டு இருக்கும். ''அங்கிள், காலை அடிங்க! தண்ணியைக் கட்டிப்பிடிக்காதீங்க!'' என்று கரையிலிருந்து கத்துகிறான். முதல் நாள் அவன் எல்லோரையும் நிறுத்தி, ''யாருக்கு நீச்சல் தெரியாது?'' என்று கேட்டான். முதலில் தூக்கிய கை என்னுடையதுதான். பக்கத்திலிருந்த வாண்டு சிரித்தது. சிரிக்கட்டும்.

இன்னும் குளத்தின் அந்தக் கரையைத் தொடவில்லை. பாதி வழியில் கம்பியைப் பிடித்துக்கொள்கிறேன். தடை இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஒகேனக்கல் போவதாக இருக்கிறோம். கேஷியரும் வருகிறான். போன தடவை நடந்ததை வீட்டில் சொன்னானா என்று நான் கேட்கவில்லை. அதே பரிசல்காரரைத் தேடிப் பிடிக்க வேண்டும். அவர் கேள்வி கேட்பதற்கு முன்னாலேயே பதிலைச் சொல்லிவிடுவதாக உத்தேசம்:

''அண்ணே, நீச்சல் அரைகுறை. உங்க பக்கத்துலயே உக்காந்துக்கறேன்!''